எலி பிடிப்பது எப்படி?

குடும்பத் தலைவர் என்ற பதவி எங்கள் வீட்டில் ரேஷன் கார்டில் மட்டும்தான் எனக்கு இருந்தது. மகளிர் உரிமைத்தொகைப் பேச்சு அடிபட்ட காலத்தில், யாரும் கேட்காமலே அதையும் மாற்றி எழுதிவிட்டார்கள். இப்போது என் வசம் மிச்சமிருக்கும் இலாகாக்கள் மூன்று: ஃபியூஸ், ஒட்டடை, எலி. முதல் இரண்டுக்கும் ஆள் கிடைக்கிறார். வருகிறார், செய்கிறார், காசு வாங்கிக்கொண்டு போகிறார். எலி மட்டும் முழுக்க என் தலையில். அதனால் 1944இல் மெட்ரோ கோல்ட்வின் மேயர் கம்பெனி வெளியிட்ட ‘மவுஸ் ட்ரபிள்’ என்ற ஏழு நிமிடச் சொச்ச டாம் அண்ட் ஜெர்ரி கார்ட்டூனைப் பற்றிப் பேச எனக்கு இருக்கும் யோக்கியதை எந்தச் சினிமா விமர்சகருக்கும் கிடையாது என்று அடித்துச் சொல்வேன்.

டாம் அண்ட் ஜெர்ரிக்குத் தமிழ்நாட்டில் அறிமுகம் வேண்டியதில்லை. கல்யாணம் ஆகி எத்தனை வருஷமானாலும் சண்டை ஓயாத தம்பதியைப் பார்த்தால், “அவங்க டாம் அண்ட் ஜெர்ரி மாதிரிங்க” என்று செல்லமாகச் சொல்கிறார்கள். இதில் டாம் யார் என்று யாரும் விளக்குவதில்லை. விளக்காமலே எல்லாருக்கும் புரிகிறது. சபையில் தலை குனிந்து சிரித்துக்கொண்டிருப்பவர்தான்.

இந்தப் படத்தை நான் பேத்திக்குத் துணையாகத்தான் பார்க்கிறேன். குழந்தை தனியாக டி.வி. பார்க்கக் கூடாது, பெரியவர்கள் யாராவது கூட இருக்க வேண்டும் என்று எங்கோ படித்திருக்கிறேன். அச்சில் வந்ததை நான் மீறுவதில்லை. “குழந்தை தூங்கி அரை மணி ஆச்சு. இன்னும் யாருக்குத் துணை?” என்று சமையலறையிலிருந்து கேள்வி வரும். பதில் சொல்ல முடியாத இடங்களில் வால்யூமைக் குறைத்துவிடுவது என் வழக்கம்.

படம் ஒரு புத்தகத்தில் ஆரம்பிக்கிறது. டாமுக்குத் தபாலில் வருகிறது. பெயர், ‘எலி பிடிப்பது எப்படி’. வெளியிட்டவர்கள் ‘ராண்டம் மவுஸ்’. அமெரிக்காவின் பெரிய பதிப்பகமான ராண்டம் ஹவுஸுக்கு ஒரு குத்து. புத்தகத்தைப் பிரித்து டாம் உட்காருகிற அந்தத் தோரணையைப் பார்த்ததுமே எனக்கு நெஞ்சு விம்மிவிட்டது. எங்கள் வீட்டில் புது மிக்ஸி வந்தால் நான் முதலில் எடுப்பது அதோடு வரும் விளக்கப் புத்தகத்தைத்தான். ஜாரை என் மனைவி எடுப்பாள். நான் ‘பாதுகாப்பு எச்சரிக்கைகள்’ பக்கத்தை முடிப்பதற்குள் சட்னி தயாராகி, தாளித்தும் ஆகியிருக்கும்.

புத்தகத்தின் முதல் பாடம்: எலி இருக்கும் இடத்தைக் கண்டுபிடி. டாம் தேடுகிறது. எலி எங்கே இருக்கிறது என்றால், டாமோடு சேர்ந்து அதே பக்கத்தைப் படித்துக்கொண்டிருக்கிறது. இந்த ஒரு காட்சியில் மீதிப் படம் முழுக்க அடங்கியிருக்கிறது. எதிராளியும் அதே புத்தகத்தைத்தான் படித்திருக்கிறான். இதற்கு மேல் டாம் எந்த அத்தியாயத்துக்குப் போனாலும் அங்கே ஜெர்ரி முன்னாலேயே போய் உட்கார்ந்திருக்கும்.

அடுத்தது எலிப்பொறி. டாம் சீஸ் வைத்துவிட்டு ஒதுங்குகிறது. ஜெர்ரி வந்து, கம்பி அசையாமல், சாவகாசமாகச் சீஸை எடுத்துக்கொண்டு போய்விடுகிறது. டாமுக்குச் சந்தேகம். பொறியில்தான் ஏதோ கோளாறு என்று தொட்டுப் பார்க்கிறது. டப். பிறகு அந்த அலறல். அந்த அலறலைப் பற்றி ஒரு விஷயம் சொல்ல வேண்டும். படத்தின் இரண்டு டைரக்டர்களில் ஒருவரான வில்லியம் ஹானா, டாமுக்காகத் தானே அலறியவர். ஏதோ பிராணியின் சத்தத்தைப் பதிவு செய்து சேர்த்ததில்லை. வளர்ந்த, சம்பளம் வாங்குகிற, குடும்பஸ்தனான ஒரு மனிதரின் அலறல். அதனால்தான் அது கேட்கிற குடும்பஸ்தனுக்கு இவ்வளவு பழக்கமான குரலாக இருக்கிறது.

எங்கள் வீட்டிலும் பொறி உண்டு. மரப்பலகையில் கம்பி விசை வைத்தது. டாமைப் பார்த்துப் பாடம் கற்றவனாகையால், அது வேலை செய்கிறதா என்று பார்க்க நான் விரலை வைக்கவில்லை. கைக்கு எட்டிய தூரத்தில் தயிர் கடையும் மத்து ஒன்று மாட்டியிருந்தது. அதன் காம்பை வைத்தேன். பொறி பிரமாதமாக வேலை செய்தது. சத்தம் கேட்டு ஓடி வந்த என் மனைவி, இரண்டாகக் கிடந்த மத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். “எங்கம்மா குடுத்த மத்து. விரலை வெச்சிருக்கலாமே!”

‘மவுஸ் ட்ரபிள்’ படத்தை நன்றாகக் கவனித்தால் ஒன்று விளங்கும். அந்தப் புத்தகம் லேசுப்பட்டது இல்லை. அதில் எழுதியிருப்பது ஏறக்குறைய எல்லாமே பலிக்கிறது. ஆனால் படித்தவன்மேல் பலிக்கிறது. சீஸைச் சுற்றிக் கயிற்றில் சுருக்குக் கண்ணி வைத்து, இரை வைத்தால் பிராணி மயங்கும் என்று டாம் காத்திருக்கிறது. ஜெர்ரி வந்து சீஸை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஒரு கிண்ணம் க்ரீமை வைக்கிறது. பிராணி மயங்குகிறது. தான் வைத்த கண்ணி என்பதே மறந்து டாம் நக்க ஆரம்பிக்க, ஜெர்ரி விசையைத் தட்டிவிடுகிறது. விதி சரி, கண்ணி சரி, மயக்கமும் சரி. பிராணிதான் வேறு.

நம் ஊரில் எலிக்கு சீஸ் வைப்பதில்லை, மசால் வடைதான். டீக்கடையில் பொறிக்கு என்று ஒன்று கேட்டால் கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பாரே என்று இரண்டாக வாங்கினேன். வீடு வரும் வழியில் ஒன்றைச் சாப்பிட்டேன். வீட்டுக்கு வந்து பொறியைத் துடைத்து, எண்ணெய் போட்டு, கொக்கியைச் சரி பார்ப்பதற்குள் மற்றதும் ஆறிப்போய்க்கொண்டிருந்தது. எலி வெங்காயம் தின்னுமோ தின்னாதோ என்ற தயக்கம் வேறு. ஆக மொத்தம் அன்று இரவு பொறியில் வைத்தது ஒரு துண்டு தேங்காய்.

இந்தப் படத்தில் எனக்கு மிகப் பிடித்த இடம் அடுத்து வருவது. ‘ஆர்வம் மிகுந்த எலியைப் பிடிப்பது சுலபம்’ என்கிறது புத்தகம். டாம் புத்தகத்தை விரித்துவைத்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரிக்கிறது. ஜெர்ரிக்குத் தாங்கவில்லை. என்னதான் போட்டிருக்கிறது என்று எட்டிப் பார்க்க வருகிறது. டாம் மறைக்கிறது. மறைக்க மறைக்க ஆசை கூடுகிறது. கடைசியில் ஜெர்ரி பக்கத்தின் மேலேயே ஏறிவிட, படாரென்று புத்தகம் மூடிக்கொள்கிறது. பிடிபட்டது! படம் முழுக்கப் புத்தகம் டாமுக்கு உதவுவது இங்கே மட்டும்தான். டைரக்டர்கள் இதை வேண்டுமென்றே கொடுத்திருக்கிறார்கள். ஒரு தடவையாவது ஜெயிக்காதவன் தோற்றால் சிரிப்பு வராது, பரிதாபம்தான் வரும்.

இனிதான் நகாசு வேலை. கையில் அகப்பட்ட ஜெர்ரி திமிறவில்லை, கெஞ்சவில்லை. இரண்டு கைகளையும் சேர்த்து மூடிக்கொண்டு, உள்ளே என்னவோ இருப்பதுபோல எட்டி எட்டிப் பார்க்கிறது. அதிசயப்படுகிறது. டாம் இருக்கிறதே என்ற நினைப்பே அதற்கு இல்லை. டாம் பார்க்கிறது. கொஞ்சம் குனிகிறது. இன்னும் கொஞ்சம் குனிந்து, கண்ணைக் கொண்டுபோய் அந்தச் சின்னக் கைகளின் இடுக்கில் வைக்கிறது. உள்ளே இருந்தது முஷ்டி. குத்து கண்ணில் விழுகிறது. ‘ஆர்வம் மிகுந்தவனைப் பிடிப்பது சுலபம்’ என்ற அதே சூத்திரம் அரை நிமிடத்துக்குள் இரண்டாம் முறை நிரூபணமாகிவிட்டது. அந்தக் குத்துக்கு முன்னால் டாம் குனிகிற வேகம் இருக்கிறதே, அதுதான் வித்தை. வேகமாகக் குனிந்திருந்தால் ஏமாளி. மெல்லக் குனிவதால், நாமும் கூடவே குனிகிறோம். பேத்தி டி.வி.க்கு மிக அருகில் போய்விட்டாள் என்று அவளை இழுக்கப் போனபோது, என் மூக்கும் அங்கேதான் இருந்தது.

இந்த வேகக் கணக்கெல்லாம் ஹானாவின் இலாகா. கூட்டாளி ஜோசப் பார்பரா கதையையும் வேடிக்கைகளையும் படம் படமாகக் கோட்டில் போட்டுக் காட்டுவார். எது எத்தனை ஃப்ரேம் நிற்க வேண்டும் என்று ஹானா முடிவு செய்வார். பார்பரா இந்தத் தொழிலுக்கு வரும் முன் நியூயார்க்கில் ஒரு வங்கியில் வரிக்கணக்கோடு மல்லுக்கட்டியவர். ஹானா கார்ட்டூன் கம்பெனியில் முதலில் பார்த்த வேலை, வரைந்த பிளாஸ்டிக் தாள்களைக் கழுவுவது. ஒருவர் கணக்குப் பிள்ளை, மற்றவர் பாத்திரம் தேய்த்த மாதிரி. இருவரும் எதிரெதிர் மேஜையில் உட்கார்ந்து வருஷக்கணக்காக வேலை செய்தார்கள். டாமும் ஜெர்ரியுமாக அடித்துக்கொள்ளவில்லை என்பதுதான் ஆச்சரியம்.

‘மூலையில் மடக்கப்பட்ட எலி ஒருபோதும் சண்டை போடாது’ என்பது இன்னொரு அத்தியாயம். புத்தகத்தில் இருக்கும் ஒரே பச்சைப் பொய் இது. டாம் நம்பிப் போகிறது. அந்த உதையை நமக்குக் காட்டுவதில்லை, சத்தம்தான். பிறகு கந்தலாகி வந்து நிற்கும் டாம் நம்மைப் பார்த்து, ஏதோ பாதாளத்திலிருந்து வருவது போன்ற குரலில், “நம்பாதீங்க!” என்கிறது. அந்தக் காலத்து அமெரிக்க வானொலி நிகழ்ச்சி ஒன்றின் வாசகமாம் அது. வானொலி தெரியாவிட்டாலும் பாதகமில்லை. “ஒரு தடவை அடிச்சாப் போதும், ஆறு மாசத்துக்கு எலியே வராது” என்று சொல்லி விற்ற மருந்தை வாங்கிய எவருக்கும் அந்தக் குரல் புரியும். அடிபட்டதைக் காட்டாமல் அடிபட்டவனைக் காட்டுவது இந்தக் கம்பெனியின் பழைய சாமர்த்தியம்.

சாதாரணமாகக் கார்ட்டூனில் ஒரு சௌகரியம் உண்டு. அப்பளமாக நசுங்கியவன் அடுத்த காட்சியில் புத்தம் புதிதாக வந்து நிற்பான். இந்தப் படத்தில் அந்தச் சலுகையை டாமுக்குக் கொடுக்கவில்லை. வேட்டைத் துப்பாக்கியை எலி வளைக்குள் திணிக்கிறது. குழாய் சுவருக்குள்ளேயே வளைந்து மேலே வேறு இடத்தில் வெளியே வந்து, டாமின் தலையையே குறி பார்க்கிறது. வெடித்ததும் உச்சி மண்டை வழுக்கை. அடுத்த காட்சியில் டாம் ஒரு செம்பட்டை டோப்பா வைத்துக்கொண்டு, ஒன்றுமே நடக்காதது போல வேலைக்கு வருகிறது! அதைப் பற்றி ஒரு சொல் கிடையாது, ஜெர்ரிகூடச் சிரிப்பதில்லை. படம் முடிகிற வரைக்கும் அந்த டோப்பா கழலவில்லை. இதில் வரைந்தவர்களின் கஷ்டத்தையும் யோசிக்க வேண்டும். விநாடிக்கு 24 ஃப்ரேம் என்றால் ஏழு நிமிடத்துக்குப் பத்தாயிரத்துக்கு மேல். ஒரே சித்திரத்தை இரண்டிரண்டு ஃப்ரேமுக்கு வைத்துச் சமாளித்தாலும், டோப்பா வந்த பிறகு ஒவ்வொரு டாமுக்கும் தனியாக அதை வரைந்து, வண்ணம் தீட்டியாக வேண்டும். ஒரு வேடிக்கையைக் கடைசிவரை சுமப்பது எவ்வளவு கூலி வேலை என்பது, மாப்பிள்ளை அழைப்பில் சொன்ன ஒரே ஜோக்கை இன்றுவரை குடும்ப விசேஷங்களில் சொல்லிக்கொண்டிருக்கும் எனக்குத் தெரியும்.

டோப்பாவோடு நிற்கவில்லை. டாம் ஒரு பரிசுப் பெட்டிக்குள் ஒளிந்துகொண்டு, ஜெர்ரி திறக்கட்டும் என்று காத்திருக்கிறது. ஜெர்ரி திறந்தால்தானே? தட்டிப் பார்க்கிறது. ஊசிகளைச் செருகிப் பார்க்கிறது. பிறகு ரம்பத்தை எடுத்துப் பெட்டியை நடுவில் அறுக்கிறது. அறுத்துவிட்டு உள்ளே எட்டிப் பார்க்கிறது. நமக்குத் தெரிவது ஜெர்ரியின் முகம் மட்டும். எச்சிலை விழுங்குகிறது. ‘இங்கே டாக்டர் யாராவது இருக்கிறீர்களா?’ என்று ஓர் அட்டையைத் தூக்கிக் காட்டுகிறது. அட்டை வருகிற அந்தக் கணத்தில் ஜெர்ரிக்கு உண்மையாகவே கவலை. கொலைகாரனுக்கே மனசு கேட்கவில்லை என்றால் உள்ளே எப்படி இருக்கும் என்று நாம் கற்பனை செய்துகொள்கிறோம். அடுத்த காட்சியில் டாம் இடுப்பில் கட்டு. தலையில் டோப்பா, இடுப்பில் கட்டு, ஆனாலும் புத்தகம் கையில்.

அப்புறம் சாவி கொடுத்தால் நடக்கிற பெண் எலி பொம்மை. “மேலே வந்து என்னைப் பாரேன்” என்று நடிகை மே வெஸ்டின் பாணியில் கொஞ்சுகிறது. ஜெர்ரி மயங்கிப் பின்னாலேயே போகிறது. பொம்மை போய் நிற்பது ஓர் ஓட்டல் வாசலில். கதவுக்குப் பின்னால் திறந்திருப்பது டாமின் வாய். ஜெர்ரி கண்ணியவான், பெண்ணை முன்னால் போகச் சொல்கிறது. டாம் கடிக்கிறது. பற்கள் உதிர்கின்றன. பொம்மை வயிற்றுக்குள் போய்விட்டதால், இனி விக்கல் வரும்போதெல்லாம் டாமின் வாயிலிருந்து அந்தக் கொஞ்சல் வருகிறது. ஆகக் கணக்கு: டோப்பா, கட்டு, பல், விக்கல். அறுபது வயதுக்கு மேல் வருஷா வருஷம் முழு உடல் பரிசோதனை செய்துகொள்பவனுக்கு, இந்தப் பட்டியல் வெறும் கற்பனையாகத் தெரியாது.

பேச்சு அதிகம் இல்லாத இந்தப் படங்களைப் பேச வைத்தது ஸ்காட் பிராட்லியின் இசை. டாம் பதுங்கி நடந்தால் வாத்தியமும் பதுங்கும்; விழுந்தால் விழும். இதே 1944இல் வந்த ‘புட்டிங் ஆன் தி டாக்’ படத்தில், நாய்த் தலை ஒன்றை மாட்டிக்கொண்டு எலி நடந்துபோவதற்கு அவர் ஐரோப்பியக் கச்சேரி மேடைகளையே மிரட்டிய பன்னிரு சுர முறையில் இசை எழுதினார். சங்கீத விமர்சகர்கள் காதைப் பொத்திக்கொண்ட சமாச்சாரத்தைக் குழந்தைகள் வாய்விட்டுச் சிரித்துக் கேட்டிருக்கிறார்கள்.

‘மவுஸ் ட்ரபிள்’ 1944க்கான ஆஸ்கார் விருதை வாங்கியது. டாம் அண்ட் ஜெர்ரி வரிசைக்கு மொத்தம் ஏழு ஆஸ்கார். சிலையை வாங்க மேடை ஏறியவர் ஹானா இல்லை, பார்பரா இல்லை. தயாரிப்பாளர் ஃப்ரெட் குவிம்பி. ஹானா, பார்பரா ரசிகர்களுக்கு இன்றுவரை இதில் மனத்தாங்கல். எனக்கு மட்டும் குவிம்பிமேல் கோபமே வருவதில்லை. நவராத்திரிக்கு எங்கள் வீட்டுக் கொலுவைப் பார்க்க வருபவர்கள், “சார், பிரமாதமா வெச்சிருக்கீங்க” என்பார்கள். படி கட்டியது, பொம்மை அடுக்கியது, சுண்டல் செய்தது யாரென்று நான் திருத்தப்போவதில்லை. வாசலில் நின்று கும்பிடு போடுவதும் ஒரு வேலைதானே.

கடைசிக் காட்சிக்கு வருவோம். டாம் புத்தகத்தைக் கிழித்து எறிகிறது. எலி வளையைச் சுற்றி டைனமைட்டும் வெடிமருந்தும் பெரிய குண்டுமாக அடுக்கித் திரியைப் பற்றவைக்கிறது. வெடிக்கிறது. புகை அடங்கினால் வீடு மொத்தமும் காலி. தரையோடு ஒட்டி நிற்பது எலி வளை இருக்கும் அந்தத் துண்டுச் சுவர் மட்டும். ஜெர்ரிக்குக் கீறல்கூட இல்லை. டாம் மேகத்தில் ஏறி மேலே போகிறது. அங்கேயும் விக்கல், அங்கேயும் அந்தக் கொஞ்சல். புத்தகத்தைக் கிழித்த பிறகுதான் இந்த முழு அழிவு என்பதை நான் மனைவிக்குச் சுட்டிக்காட்டினேன். விளக்கப் புத்தகங்களுக்கு ஆதரவாக இதைவிடப் பலமான சாட்சி வேறென்ன வேண்டும்? அவள், “அந்தப் புஸ்தகத்தைத் தபால்ல வரவழைச்சாங்களே, அது யார் வீட்டுக் காசு?” என்றாள். எங்கள் வீட்டில் மூன்று கட்சி. பேத்தி ஜெர்ரி கட்சி, நான் டாம் கட்சி, அவள் தணிக்கைத் துறை.

பேத்திக்கு வேறு கவலை. “வீடே போயிடுச்சே தாத்தா, இனிமே ஜெர்ரி எங்க சாப்பிடும்?”

இந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்தவன் இந்தத் தெருவில் நான் ஒருவன்தான் என்ற பெருமிதத்தோடு, 1945இல் வந்த அடுத்த படத்தின் பெயரே ‘தி மவுஸ் கம்ஸ் டு டின்னர்’, அதாவது எலி விருந்துக்கு வருகிறது, என்று விளக்க ஆரம்பித்தேன்.

“அது நேத்து ராத்திரியே வந்தாச்சு” என்றாள் என் மனைவி. “தோசை மாவு மூடியைப் போய்ப் பாருங்க.”